கொடிக்கும் ஓய்வு வேண்டும்

போன வாரம் காலையில் பின்வாசல் திண்ணையில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்துத் தோட்டக்காரர் மதில்மேல் கையை ஊன்றி எட்டிப் பார்த்தார்.

"என்னங்கய்யா, பந்தல் இன்னும் இலையும் தழையுமா நிக்குது? நாங்கல்லாம் தீபாவளிக்கு முன்னாடியே வெட்டிப்புட்டோம். ஒரு மகசூலையே வீணாக்குறீங்களே!"

"மார்கழியில வெட்டிக்கலாம்னு இருக்கேன் தம்பி" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கிழவனுக்குத் தோட்டம் ஒரு பொழுதுபோக்கு என்று நினைத்திருப்பார். அவருக்கு மதிலருகே நின்றபடி சொல்ல முடியாத பதிலை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமான பதில். என் பழைய தவறு ஒன்றும் அதில் இருக்கிறது.

எங்கள் ஊர்ப்பக்கம் கம்பம் பள்ளத்தாக்கு. காமயகவுண்டன்பட்டி, சுருளிப்பட்டி, ராயப்பன்பட்டி என்று எந்தப் பக்கம் போனாலும் கல்லுக்கால் நட்டுக் கம்பி கட்டிய திராட்சைப் பந்தல்தான் கண்ணில் படும். பன்னீர் திராட்சை. அந்த மணத்தால் வந்த பெயர். புத்தகத்தில் மஸ்கட் ஹாம்பர்க் என்று போட்டிருப்பார்கள். 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்தார் என்று சொல்வார்கள். 1895-ல் பெரியாறு அணை முடிந்து, மேற்கே ஓடிய தண்ணீர் இந்தப் பக்கம் திரும்பியது. பென்னிகுவிக் படம் இல்லாத டீக்கடை இங்கே அபூர்வம். அந்தத் தண்ணீரும் செம்மண்ணும் மலைக்காற்றும் சேர்ந்து திராட்சைக்கு ஒத்துப்போயிற்று. 2023-ல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அன்றைக்கு என் மனைவி கேசரி கிண்டினாள்.

எங்கள் திராட்சைக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. மற்ற ஊர்களில் அதற்கென்று ஒரு பருவம் இருக்கும். இங்கே வருஷம் முழுவதும் ஏதாவது ஒரு தோட்டத்தில் பழம் தொங்கும். காரணம் எளிது. குளிர் நாடுகளில் இலையுதிர் காலம் வந்தால் கொடி தானாக இலையை உதிர்த்துவிட்டுத் தூங்கப் போய்விடும். நம் ஊரில் அந்தக் குளிர் இல்லை. கொடி தூங்குவதில்லை. நாம் எப்போது கவாத்து வெட்டுகிறோமோ அப்போது துளிர்க்கும், பூக்கும், ஏறத்தாழ நாலு மாதத்தில் பழம் கொடுக்கும். அதனால் வருஷத்துக்கு இரண்டு மகசூல் என்பது போய், இரண்டு வருஷத்தில் ஐந்து என்று ஆகி, சிலர் வருஷத்துக்கு மூன்றே எடுக்கிறார்கள்.

இதைத்தான் எல்லோரும் பெருமையாகச் சொல்கிறோம். நானும் சொல்லிக்கொண்டிருந்தவன்தான். இப்போது என் கருத்து வேறு. கொடி தானாக ஓய்வு எடுக்காத ஊரில் அந்த ஓய்வைக் கொடுக்க வேண்டியது கத்தரிக்கோல் பிடித்த கை. அதிலும் வீட்டில் நாலு கொடி வைத்திருப்பவர்கள் மூன்றாவது மகசூலுக்கு ஆசைப்படவே கூடாது.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஒருவரைக் கெடுத்துத் தெரிந்துகொண்டேன்.

வங்கியில் விவசாயக் கடன் பிரிவில் இருபத்தைந்து வருஷம் வேலை பார்த்தேன். மோட்டார் சைக்கிளில் தோட்டம் தோட்டமாகப் போய், பயிரைப் பார்த்துப் பரிந்துரை எழுதுவது என் வேலை. திராட்சைக் கடன் விண்ணப்பத்தை எழுதும்போது வருஷத்துக்கு எத்தனை அறுப்பு என்று கேட்போம். இரண்டு என்று எழுதினால் ஒரு தொகை, மூன்று என்று எழுதினால் அதைவிடக் கூடுதல் தொகை. விவசாயியும் மூன்று என்பார், நானும் மூன்று என்று போடுவேன். கொடியிடம் யாரும் கேட்கவில்லை.

2009-ல் ஒரு விவசாயிக்குப் பூப்பருவத்தில் மழை பிடித்துக்கொண்டது. பூ முழுக்கக் கொட்டிப் போனது. ஒன்றரை ஏக்கர் தோட்டம், நல்ல உழைப்பாளி, என்னைவிட நாலு வயது மூத்தவர். நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன், அவர் என்னை சார் என்பார். தவணை தவறிவிட்டது. "கொஞ்சம் அவகாசம் வாங்கிக் குடுங்க சார், கொடி அசந்து போயிருக்கு, ரெண்டு மாசம் விட்டு வெட்டணும்" என்று கேட்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அவகாசம் வாங்கித் தர்றேண்ணே. ஆனா உடனே வெட்டி ஒரு மகசூல் எடுத்தாத்தான் கணக்கு நேராகும்" என்றேன். எனக்குக் கணக்குத் தெரிந்திருந்தது. அவருக்குக் கொடி தெரிந்திருந்தது. மேசைக்கு இந்தப் பக்கம் நான் இருந்ததால் என் பேச்சு நின்றது.

அவர் வெட்டினார். அடுத்த மூன்று வருஷமும் விடாமல் வெட்டினார். முதல் தடவை பரவாயில்லை. அப்புறம் கொத்து சிறுத்தது. வெட்டிய இடத்தில் கண் சரியாக விடவில்லை. விட்டதிலும் பாதி வெறும் இலைக்கொழுந்து. மருந்துச் செலவு மட்டும் ஏறிக்கொண்டே போனது. அசந்த கொடியில் அடிச்சாம்பலும் வரும், சாம்பலும் வரும், மாவுப்பூச்சியும் வரும். 2012-ல் பந்தலைப் பிரித்துக் கம்பியை எடைக்குப் போட்டார். இப்போது அங்கே வாழை நிற்கிறது.

அந்த இழப்புக்கு மழைக்கும் விலைக்கும் பங்கு உண்டு, எனக்கு மட்டும் அல்ல. ஆனால் என் பங்கு எனக்குத் தெரியும்.

பந்தலைப் பிரிப்பதற்கு முன்னால் அவர் ஒரு காரியம் செய்தார். நல்ல முதிர்ந்த குச்சிகளாகப் பார்த்து வெட்டி, பையில் மண் போட்டு வேர் பிடிக்க வைத்து, சைக்கிளில் கட்டி என் வீட்டுக்கே கொண்டுவந்தார். "வீட்டுக்குப் பின்னால சும்மா கிடக்குற இடத்துல நடுங்க சார். கொடி சாகக் கூடாது" என்றார். அதில் குத்தல் ஏதும் இல்லை. அதனால்தான் இன்னும் அதிகமாக வலித்தது. இன்றைக்கு என் வீட்டில் நிற்கும் எட்டுக் கொடியும் அவர் கொடுத்தவைதான். ஒன்றரை சென்ட் இடம், பத்தடிக்கு எட்டடி இடைவெளி.

இத்தனைக்குப் பிறகாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. பந்தல் நிறைந்து காய்க்க ஆரம்பித்ததும் பக்கத்துத் தோட்டங்களில் கத்தரிக்கோல் சத்தம் கேட்டால் எனக்கும் கை அரிக்கும். 2015-ல் ஓய்வு பெற்றேன், பொழுதும் போகவேண்டுமே! மூன்று தடவை வெட்டினேன். முதல் வருஷம் எட்டுக் கொடியில் நூற்றுப்பத்து கிலோ. தெரு முழுக்கக் கொடுத்தேன், பெருமையாக இருந்தது. அடுத்த வருஷம் எழுபது. அதற்கடுத்த வருஷம் ஐம்பதுகூட வரவில்லை. நிறம் கறுப்பு, வாயில் போட்டால் புளிப்புத் தண்ணீர். பேரன் ஒன்றை வாயில் போட்டுவிட்டு, "தாத்தா, கடையில வாங்குற விதையில்லாத திராட்சை இருக்கா?" என்று கேட்டான். அதைவிட ஒரு சான்றிதழ் வேண்டுமா?

அப்போதுதான் கடன் கொடுக்கும் காலத்தில் படிக்காத பாடத்தைப் படித்தேன். பழத்தின் இனிப்பு இலை சமைத்துப் போடுவது. அறுப்பு முடிந்ததும் இலையின் வேலை முடிந்துவிடுவதில்லை. பழத்துக்குப் போய்க்கொண்டிருந்த சத்து அதன்பிறகு தண்டுக்கும் வேருக்கும் போகிறது. அது ஒரு சேமிப்புக் கணக்கு. அடுத்த கவாத்துக்குப் பிறகு புது இலை முளைத்துத் தன் காலில் நிற்கும் வரைக்கும் கொடி அந்தச் சேமிப்பை எடுத்துத்தான் சாப்பிடுகிறது. பழம் அறுத்த பத்தாவது நாளே வெட்டினால் என்ன ஆகும்? போடுவதற்கு முன்பே எடுக்கிறோம். வங்கியில் இருபத்தைந்து வருஷம் இருந்தவனுக்கு இது புரிய இத்தனை நாள் ஆயிற்று!

மகாராஷ்டிரத்தில் நாசிக் பக்கம் என்ன செய்கிறார்கள் என்று விசாரித்தேன். வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்யும் தோட்டங்கள் அவை. அங்கேயும் வருஷத்தில் இரண்டு தடவை வெட்டுகிறார்கள். ஏப்ரலில் ஒன்று, அக்டோபரில் ஒன்று. ஆனால் பழம் எடுப்பது ஒரே தடவை. ஏப்ரல் வெட்டு நல்ல குச்சி வளர்வதற்கு மட்டும். அக்டோபர் வெட்டுதான் பழத்துக்கு. அவர்களுக்குக் கணக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது.

2018-லிருந்து நான் வருஷத்துக்கு இரண்டு மகசூலோடு நிறுத்திக்கொண்டேன். என் கணக்கு இதுதான். மார்கழி முதல் வாரம் கவாத்து, சித்திரையில் பழம். பிறகு ஒன்றரை மாதம் கொடியைத் தொடுவதில்லை. வைகாசிக் கடைசியில் இரண்டாவது கவாத்து, புரட்டாசிக் கடைசியில் பழம். அதன்பின் இரண்டு மாதத்துக்கு மேல் முழு ஓய்வு. இந்த ஓய்வு ஐப்பசி, கார்த்திகையில் வருகிறது பாருங்கள், அதில்தான் சூட்சுமம். அடைமழைக் காலத்தில் என் பந்தலில் பூவும் இல்லை, பழமும் இல்லை. பூ கொட்டுமோ, பழம் வெடிக்குமோ என்று வானத்தைப் பார்த்துக் கவலைப்பட வேண்டியதில்லை. மழை பெய்தால் பஜ்ஜி போடச் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொள்ளலாம்.

ஓய்வு என்றால் அப்படியே விட்டுவிடுவதும் இல்லை. அறுப்பு முடிந்ததும் மக்கிய சாணி எரு போட்டு, அளவாகத் தண்ணீர் விடுவேன். நோய் வந்த இலையைக் கிள்ளி எடுத்துவிடுவேன். மற்ற இலை பச்சையாக இருக்கும்வரை அதற்கு வேலை இருக்கிறது. வெட்டும் நாள் வந்தால் தயங்குவதும் கிடையாது. பென்சில் பருமன் உள்ள, பழுப்பேறி முதிர்ந்த குச்சியில் நாலைந்து கண் விட்டு வெட்டுவேன். சோப்ளாங்கிக் குச்சியில் ஒன்றிரண்டு கண் போதும். புதிதாகக் கொடி வைப்பவர்கள் இரண்டு தப்பும் செய்கிறார்கள். வெட்டக் கூடாத நேரத்தில் வெட்டுகிறார்கள், வெட்ட வேண்டிய நேரத்தில் பாவம் பார்க்கிறார்கள். வெட்டாத கொடி பந்தலை அடைத்துக்கொண்டு நிழல் கொடுக்கும், பழம் கொடுக்காது.

இப்போது வருஷத்துக்குத் தொண்ணூறு கிலோ, ஏறக்குறைய மாறாமல் வருகிறது. அந்த நூற்றுப்பத்து திரும்பவில்லை. எனக்கு வேண்டவும் வேண்டாம். சாற்றின் இனிப்பை அளக்கும் சிறிய கருவி ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். மூன்று மகசூல் எடுத்த கடைசி வருஷம் அது பதின்மூன்று காட்டியது. இப்போது பதினெட்டு காட்டுகிறது. பேரன் விதையைத் துப்பிவிட்டு அடுத்த பழத்துக்குக் கை நீட்டுகிறான்.

மருந்தும் குறைந்துவிட்டது. மழைக்காலத்தில் பழம் இல்லாததே பாதி மருந்து. மீதிக்குப் பெரும்பாலும் போர்டோ கலவைதான். நூறு லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ நல்ல சுண்ணாம்பு என்பது விகிதம். என் பந்தலுக்குப் பத்து லிட்டரே போதும், எனவே நூறு நூறு கிராம். பிளாஸ்டிக் வாளியில் தனித்தனியாகக் கரைத்துச் சேர்க்க வேண்டும், இரும்பு வாளி ஆகாது. தேய்த்த கத்தியை உள்ளே விட்டு எடுத்தால் செம்பு நிறம் படியக் கூடாது. படிந்தால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். இந்தக் கலவை பிறந்த கதையும் வேடிக்கையானது. 1880-களில் பிரான்ஸில் போர்தோ பக்கம், பாதையோரக் கொடியில் பழம் திருடுகிறவர்களைப் பயமுறுத்தத் துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து பூசி வைத்தார்களாம். பூசிய கொடியில் மட்டும் நோய் இல்லை என்பதை மில்லார்டே என்ற பேராசிரியர் கவனித்தார். என் மதில் பக்கத்துக் கொடியிலும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கைவைப்பது உண்டு. அதற்கு நான் எதுவும் பூசுவதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கறுத்ததெல்லாம் பழம் இல்லை. மாங்காயைப் பறித்து வைக்கோலில் வைத்தால் பழுக்கும், வாழைத்தாரைப் புகை போட்டால் பழுக்கும். திராட்சை அப்படி இல்லை. கொடியிலிருந்து வெட்டிய நிமிஷத்தோடு அதன் இனிப்பு நின்றுவிடும், அப்புறம் ஒரு சொட்டுகூட ஏறாது. நிறம் முதலில் வந்துவிடும், இனிப்பு நிதானமாக வரும். சந்தைக்கு அவசரம், அதனால் நிறத்தைப் பார்த்து வெட்டுகிறார்கள். அதைச் சாப்பிட்டவர்கள் பன்னீர் திராட்சையே புளிப்பு என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். வீட்டில் வைத்திருப்பவர்களுக்கு லாரி எதுவும் காத்திருக்கவில்லை. அறுப்புக்கு ஒரு வாரம் முன்பே தண்ணீரை நிறுத்துங்கள். கொத்தின் நுனியில் இருக்கும் பழத்தைத் தின்று பாருங்கள். மேலே இருப்பதைவிட அது பிந்தித்தான் பழுக்கும். நுனி இனித்தால் கொத்து முழுக்க இனிக்கும்.

"உங்களுக்குப் பென்ஷன் வருகிறது, பேசுவீர்கள். கடன் வாங்கியவன் கொடியைத் தூங்கவிட்டுவிட்டு எதைத் தின்பான்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதனால்தான் பக்கத்துத் தோட்டக்காரரிடம் நான் வாதாடவில்லை. அவருக்கு ஆள் கூலியும் தவணையும் இருக்கின்றன. என் வருத்தம் அவர்மேல் இல்லை. என் பழைய மேசையின் இந்தப் பக்கம் இன்றைக்கு உட்கார்ந்திருப்பவர்களிடம்தான் நான் பேச விரும்புகிறேன். திராட்சைக்குக் கடன் கொடுக்கும்போது இரண்டு மகசூலை வைத்துத் தவணை போடுங்கள். மூன்றாவது வந்தால் அது விவசாயியின் கையிருப்பாக இருக்கட்டும். கொடி அசந்திருக்கிறது, வெட்டாமல் விட வேண்டும் என்று ஒருவர் சொன்னால், அவர் தட்டிக்கழிக்கிறார் என்று நினைக்காதீர்கள். இருபது வருஷம் நின்று கட்ட வேண்டிய கடனை மூன்று வருஷத்தில் வசூலிக்கப் பார்த்து, தோட்டத்தையே இழந்த கதையை நான் பக்கத்திலிருந்து பார்த்தவன்.

வீட்டில் கொடி வைத்திருப்பவர்களுக்கு அந்த நெருக்கடி எதுவும் இல்லை. மொட்டைமாடியிலும் கார் நிறுத்தும் இடத்துக்கு மேலேயும் பந்தல் போட்டுவிட்டு, "எத்தனை தடவை காய்க்க வைக்கலாம்?" என்று என்னிடம் கேட்கிறார்கள். இரண்டு போதும் என்றால் முகம் சுருங்குகிறது. எதற்காக இந்த அவசரம்? விற்கப் போவதில்லை. மூன்று மகசூல் எடுத்து எல்லோருக்கும் புளிப்புப் பழம் கொடுப்பதைவிட, இரண்டு எடுத்து நல்ல பழம் கொடுக்கலாமே.

கொடி கொடுத்த அண்ணன் போன சித்திரையில் ஒரு கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தார். பேத்திக்குக் கல்யாணம். பந்தலுக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார வைத்து ஒரு கொத்தை அறுத்துத் தட்டில் வைத்தேன். நாலைந்து பழம் சாப்பிட்டார். தலையைத் தூக்கிக் குச்சிகளைப் பார்த்தார். "ரெண்டுதானே எடுக்குறீங்க?" என்றார். பார்த்ததும் தெரிந்துவிட்டது அவருக்கு. ஆமாம் என்றேன். "அன்னைக்கு நீங்க சொன்னதைக் கேட்டிருக்கணும்ணே" என்றும் சொன்னேன். பதினாறு வருஷமாகத் தொண்டையில் நின்ற வார்த்தை. அவர் அதற்குப் பதில் சொல்லவில்லை. "நல்லா இருக்கு சார், பேத்திக்குக் கொஞ்சம் கட்டிக் குடுங்க" என்றார். மூன்று கிலோ கட்டிக் கொடுத்தேன்.

மார்கழி முதல் வாரம் கவாத்து. என் மனைவியும் அதற்குத்தான் காத்திருக்கிறாள். பந்தலில் இலை போனால்தான் பின்வாசலில் வெயில் விழுமாம், வற்றல் காய வைக்கலாமாம். வெட்டும் குச்சியில் நல்லதாக எடுத்துப் பையில் நட்டு வைக்கிறேன். உள்ளூர் நண்பர்கள் யாருக்காவது வேண்டுமானால் தை மாதக் கடைசியில் வந்து வாங்கிக்கொள்ளலாம். காசு வேண்டாம். ஆனால் வருஷத்துக்கு இரண்டு மகசூலுக்கு மேல் எடுப்பதில்லை என்று சொல்லிவிட்டுத்தான் வாங்கிக்கொள்ள வேண்டும்.